மூன்றாவது குழாய்

சுவீடனின் உப்சாலா மருத்துவமனை ஆய்வகத்தின் சன்னலில் பனிக்கால வெயில் மங்குகிறது. கைக்குழந்தையின் ரத்தத்தில் இருந்த கிருமி மூன்று குழாய்களில், மூன்று மருந்துகளோடு நிற்கிறது. டாக்டர் இங்கெயெர்ட் அட்டைப்பெட்டிக்குள் சிறுவிளக்கை ஏற்றி, மலிவான கேமராவில் பார்க்கிறாள். கிருமி பெருகினால் நீர் கலங்கும். இரண்டு குழாய்கள் அரிசி கழுவிய நீராகிவிட்டன. மூன்றாவதில் மட்டும் ஒளி தெளிவாகப் பாய்கிறது. கதவருகே குழந்தையின் தாய் ரூனா கோட்டைக் கழற்றாமல் நிற்கிறாள்.

"இந்த மருந்துக்குத்தான் கேக்குது, ரூனா. ஆனா இதைப் போட்டா பாப்பாவுக்குக் காது கேக்காமப் போயிடலாம்."

"யோசிச்சு நாளைக்குச் சொல்லட்டுமா?"

"எந்த மருந்துன்னு ரெண்டு மணி நேரத்துல பார்த்துட்டோமே, அதுதான் நல்லது. பாப்பா நாளைவரைக்கும் தாங்க மாட்டா."

"போடுங்க," என்கிறாள் ரூனா, காப்பி கேட்பவளைப் போல. அவள் கோட்டுப்பையில் செல்போன் அடிக்கிறது. எடுக்காமல், அது ஓயும்வரை கேட்டுக்கொண்டே நிற்கிறாள்.