இரண்டு உள்ளங்கை அளவு

நாலு மணிக்கு விசில் ஊதிவிடுவார்கள். இப்போது மூன்று இருபத்தைந்து.

கோட்டாறு கடைத்தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. ததேயுஸ் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடினான். தோளில் மனைவி ஷீஜாவின் பை.

விசைப்படகில் நின்று பழகிய கால்கள். தார் ரோட்டில் ஓடிப் பழக்கமில்லை. ஒரு செருப்பு பின்னால் கழன்று கிடந்தது. திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு மறுபடியும் ஓடினான்.

சைக்கிள் கடைக்குள் நுழைந்து, மூச்சு வாங்குவதற்கு முன்னால் சொன்னான்.

"ஒரு ஹெல்மெட். சைக்கிளுக்கு. பொம்பளையளுக்கு உள்ளது. நாலு மணிக்கு ரேசு."

விஷயம் இதுதான். நாகர்கோவிலில் பெண்களுக்கான சைக்கிள் போட்டி. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பிரிவுக்குத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து பெயர் கொடுத்த ஒரே ஆள் ஷீஜா. இரவல் வாங்கிய ஹெல்மெட்டின் கிளிப், சோதனை மேசையில் வைத்தே உடைந்துபோனது. ஹெல்மெட் இல்லாமல் விட முடியாது என்று மேசைக்காரர் கையை விரித்துவிட்டார். ஷீஜா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அர மணிக்கூர் தாருங்க சாரே" என்று கத்திவிட்டு ஓடிவந்தவன்தான் ததேயுஸ்.

"தலை சைஸ் எவ்வளவு அண்ணா?" என்று கேட்டாள் கடைக்காரி பிரீனா.

ததேயுஸ் ஷீஜாவுக்கு போன் போட்டான். அவன் தோளில் கிடந்த பைக்குள்ளேயே மணி அடித்தது.

பிரீனா சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது.

அவள் மீடியம் சைஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதன் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இது செரியாவாது."

"போட்டுப் பாக்காம எப்பிடிச் சொல்லுதீங்க?"

ததேயுஸ் பையை பெஞ்சில் வைத்தான். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராக உயர்த்தினான். உள்ளங்கைகளை வளைத்து, விரல்களை விரித்து, நடுவில் எதையோ தாங்குவதுபோல் பிடித்தான். கண்ணை மூடினான். இடது கை ஒரு நூல் இறங்கியது. வலது பெருவிரல் சற்று விலகியது. பிறகு இரண்டு கைகளும் அசையவில்லை.

"இதாக்கும் அவ தலை."

பிரீனா ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஷீஜாவின் மாற்றுச் சுடிதாரை எடுத்துப் பந்தாகச் சுருட்டி, அந்த இடைவெளிக்குள் திணித்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றான் கண்ணைத் திறக்காமலே. துப்பட்டாவையும் சேர்த்துச் சுற்றினாள். "போதும்."

சுருட்டிய துணி கலையாமல் ஒரு கயிற்றால் கட்டினார்கள். அதன் மேல் ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின.

முதலாவது ஆடியது. இரண்டாவது நெற்றியில் இறுக்கியது. மூன்றாவது கனம். நாலாவது, கண்ணைப் பறிக்கும் மஞ்சள், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"இதுதான்!" பிரீனா கை தட்டினாள்.

அவன் உள்ளே பெருவிரலை விட்டு, இடது காது வரும் இடத்துக்கு மேலே நிறுத்தினான்.

"இந்த இடத்துல மட்டும் தட்டும். இங்க ஒண்ணும் தொடக் கூடாது."

அவள் அந்த இடத்துப் பஞ்சைப் பிய்த்தெடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் மெல்லிய பஞ்சை ஒட்டினாள். அவன் மறுபடி தடவிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

மூன்று நாற்பத்தைந்து.

"வாங்க, என் ஸ்கூட்டியில கொண்டு விடுகேன்."

"வேண்டாம், வேண்டாம்." காசைக் கொடுத்துவிட்டு அவன் படியிறங்கிவிட்டிருந்தான். "ஓடியே போயிருவேன்."

மைதானத்தில் எல்லோரும் சைக்கிள் மேல் ஏறி நின்றார்கள். ஷீஜா மட்டும் கோட்டுக்கு வெளியே, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் நிறம் ஓடிவருவதைக் கண்டதும் சிறுபிள்ளை மாதிரிக் குதித்தாள்.

தலையில் வைத்தாள். கிளிப் டக்கென்று விழுந்தது.

"இறுக்குகா? எங்கயாவது குத்துகா ஏட்டி?"

அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள், மேலும் கீழும் ஆட்டினாள். ஹெல்மெட் அசையவில்லை.

"ஒண்ணு வச்சிருக்கதே தெரியல்ல. நீங்க மொதல்ல மூச்சு விடுங்க. ஓட்டப் போறது நானாக்கும்."

விசில்.

சைக்கிள்கள் சரசரவென்று கிளம்பின. ததேயுஸ் ஓரமாகவே ஓடினான். "மிதி ஏட்டி! மிதி!" முக்குத் திரும்புமுன் அவள் மூன்று பேரைத் தாண்டிவிட்டாள். நாலாவது ஆளையும் நெருங்கிவிட்டாள். அதற்கு மேல் அவனால் ஓட முடியவில்லை. முழங்காலில் கையூன்றி நின்று சிரித்தான்.

பக்கத்தில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. அவன் கடையில் மறந்து விட்டுவந்த பையோடு பிரீனா.

"செரியா இருந்துதா?"

"அச்சுல வார்த்த மாதிரி!"

"எத்தனையோ பேருக்கு வித்திருக்கேன். கையிலயே தலை அளவு கொண்டு வந்தவரு நீங்க ஒருத்தருதான்."

ததேயுஸ் தன் கைகளைப் பார்த்தான்.

"எட்டு மாசம் கழுத்து நிக்காமக் கிடந்தா. இப்பிடித் தாங்கிப் பிடிச்சுதான் கஞ்சி குடுத்தேன்."

"ஐயோ. என்ன ஆச்சு?"

"பைக்ல போகும்போ விழுந்துட்டோம். பின்னால இருந்தா."

பிரீனா பையை நீட்டினாள்.

"ஹெல்மெட் போடலியா?"

மஞ்சள் நிறம் மறைந்த முக்கையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் போட்டிருந்தேன்."