காற்று இறங்காத டயர்

ரேமண்டின் கால், கை, தோள் எல்லாம் அளந்து, அவருக்கென்றே கட்டிய ரேஸ் சைக்கிள் அது. பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில், சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கும். அவர் ஆபீஸில் மாரடைப்பால் இறந்து எட்டு மாதமாகிறது. அதை விற்றுவிடலாம் என்று அவர் மனைவி ஸ்டெஃபனி முடிவு செய்தாள்.

கிள்ளானிலிருந்து சைக்கிளை வாங்கப் பார்க்க வந்த திருச்செல்வம் முதலில் டயரை அமுக்கினான். கல் மாதிரி இருந்தது.

"இன்னிக்குத்தான் காத்து அடிச்சீங்களாக்கா?"

"அவரு போனதிலேருந்து யாருமே தொடலயே."

"சான்ஸே இல்ல லா. இந்த மெல்லிசு டயர்ல ஒரு வாரம்கூட காத்து நிக்காது."

அவனை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை மாலை இரண்டு டயரிலும் காற்றை முழுக்க இறக்கினாள். ஞாயிறு காலை தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் கல்.

அவர் உயிரோடு இருந்தபோது, ஞாயிறுதோறும் அவர் பம்பு அடிக்கும் சத்தத்தில்தான் அவள் விழிப்பாள். "ஒரு நாளாவது என்னைத் தூங்க விடுங்களேன்!" என்று ஒருமுறை கத்திவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து அவர் சைக்கிளையும் பம்பையும் கார் நிறுத்துமிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்று அடித்தார். அதன் பிறகு அவள் தூக்கம் ஒருநாளும் கலையவில்லை.

திருச்செல்வத்திடம் சைக்கிள் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் சனிக்கிழமைதோறும் காற்றை இறக்கிவிட்டு, படுக்கையறைக் கதவைத் திறந்து வைக்கிறாள்.

"இங்கேயே அடிங்க, ரேமண்ட். நான் முழிச்சிதான் இருக்கேன்."

விடியும்வரை காது கொடுத்துப் படுத்திருக்கிறாள். காலையில் டயர் கல்லாக இருக்கிறது. சத்தம் மட்டும் வருவதே இல்லை.