மூன்று நாள் சூப்

“மூணு நாள் வெயில்ல வெச்ச மீன் சூப்புங்க. இந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வாயில வெச்சாங்க பாருங்க, ஒரே டேக்!”

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். தொலைக்காட்சி அரங்கிலிருந்த இருநூறு பேரும் கைதட்டினார்கள்.

படம் வெளியாகி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. திரைக்குப் பின்னால் நடந்தவற்றைச் சொல்லும் நிகழ்ச்சி.

அடுத்த நாற்காலியில் நடிகை புன்னகைத்துக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும்.

அந்தப் படத்தில், புகுந்த வீட்டின் முதல் விருந்தில் மருமகள் ஒரு கரண்டி சூப்பை விழுங்குகிறாள். குமட்டுகிறது. கண்ணில் நீர் முட்ட, மறுபடியும் கரண்டியை எடுக்கிறாள். அந்தப் பன்னிரண்டு நொடிகளுக்காகவே படம் இன்றும் பேசப்படுகிறது.

பேசியவர்கள் எல்லாரும் இயக்குநரின் சூழ்ச்சியைப் பேசினார்கள். நடிகைக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

முன்வரிசை ஓரத்தில் ஆணி அண்ணன் அமர்ந்திருந்தார். அந்தப் படத்துக்குத் தட்டுமுட்டுச் சாமான்களைப் பொறுப்பாகக் கொண்டுவந்து வைத்தவர். சட்டைப்பையில் எப்போதும் நாலு ஆணி கிடக்கும் என்பதால் வந்த பெயர்.

சூப்பை வெயிலில் வைத்தவர் அவர்தான். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தார். மேலே சாம்பல் நிற நுரை. அதில் ஒட்டிக்கொண்ட ஈயொன்று கால்களை அசைத்துக்கொண்டிருந்தது. நாற்றம் மூக்கோடு நிற்கவில்லை, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

சாக்கடையில் கொட்டினார். எதிர்க்கடையிலிருந்து சுடச்சுட வாங்கிவந்து ஊற்றினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை, தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும்.

தம்மை நல்ல மனிதர் என்று நம்பிக்கொள்ள, முப்பது ஆண்டுகளாக அந்த ஒரு கிண்ணம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

தொகுப்பாளினி ஒலிவாங்கியை நீட்டினாள். “ஆணி அண்ணே, அந்த ஊசிப்போன சூப்புக்கு மாஸ்டர் நீங்கதானாமே?”

“அது நல்ல சூப்பும்மா. கெட்டுப்போனதைக் கொட்டிட்டுப் புதுசா வாங்கி ஊத்திட்டேன்.”

அரங்கம் சிரித்தது. “வயசாயிடுச்சு, பாவம், ஒளர்றான்” என்று இயக்குநரும் சேர்ந்து சிரித்தார்.

நடிகை சிரிக்கவில்லை. அன்று முதன்முறையாக ஆணி அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்போ அம்மாவுக்கு ஏண்ணே குமட்டுச்சு?” என்றாள் தொகுப்பாளினி.

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சூப்பைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் இதுவரை அப்படித்தான் நழுவியிருக்கிறார். ஆனால், பார்த்தும் வாய் திறக்காத அந்தப் பன்னிரண்டு நொடிகளை எண்ணியபோது, ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

நடிகையைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்கும் பார்வை.

அவர் கண் இமைக்காமல் ஒருமுறை தலையசைத்தார்.

“அந்த மேஜைக்கு ஒரு கால் ஆடும்மா. ஷாட் முடியறவரைக்கும் நான் அடியில உட்கார்ந்து அதைப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

இயக்குநர் நாற்காலியில் நெளிந்தார்.

“டைரக்டர் ஐயா அம்மாவை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாரு, கேமராவுல விழாத பக்கம். அவரு கை மேஜைக்கு மேல இல்ல.”