வெற்று உறை

கதவு பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டதும் அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். செய்துவிட்டு வந்த காரியம் அப்படி.

கிருமி புகாத அறை அது. குப்பி உடைந்தால் மாற்றுத் தர ஆள் வேண்டுமே என்று, பக்கத்து வார்டில் ஊசி போட்டு முடிக்கும்வரை லேப்காரனான அவனை உள்ளேயே பூட்டிவைப்பார்கள். ஜன்னல்கூடக் கிடையாது. வார்டோடு பேசவும் கேட்கவும் சுவரில் ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

அந்த வார்டில் படுத்திருக்கும் அவன் மகளுக்குச் சர்க்கரை நோய். தினமும் ஊசி குத்திக் குத்தி வயிறெல்லாம் தழும்பு. செயற்கைச் செல்களை மெல்லிய சவ்வு உறைக்குள் அடைத்துத் தோலுக்கடியில் செலுத்திவிட்டால், அதுவே இன்சுலின் சுரக்குமாம். ஆனால் சோதனை ஆயிற்றே, பாதிப் பேருக்கு வெற்று உறைதான். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியக் கூடாதென்று, குப்பியில் பெயர் போடாமல் கட்டில் எண் மட்டும் ஒட்டுவார்கள்.

தெரிந்தவன், நிரப்பிய இவன் ஒருவன்தான். குலுக்கலில் மகளின் கட்டிலுக்கு விழுந்தது வெற்று உறை. பக்கத்துக் கட்டில் சிறுமிக்கு நிஜச் செல். பெற்ற மனசு கேட்குமா? இரண்டு எண்களையும் மாற்றி ஒட்டிவிட்டான்.

ஸ்பீக்கர் கரகரத்தது. "அண்ணே, நான் பக்கத்துக் கட்டில் பாப்பாவோட அம்மா. உங்க கையால செஞ்ச மருந்தாமே? நீங்க நல்லா இருக்கணும்ண்ணே!"

'நிறுத்துங்க' என்று கத்திவிடலாமா? வேலை போனால் போகட்டும், மகளுக்குக் கிடைக்கப்போவதும் போய்விடுமே! பாவி, ஒரு பச்சைப்பிள்ளை வாயில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் போட்டாச்சு," என்றார் டாக்டரம்மா. "இனி எடுக்கவும் முடியாது, வேற போடவும் முடியாது."

அப்பாடா! அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "செல்லம், அப்பா பேசறேன். வலிச்சுதா?"

"இல்லப்பா. பாவம், அந்தப் பாப்பாதான் கதவோரம் பயமா இருக்குன்னு ஒரே அழுகை. அதான் காலைலயே நாங்க ரெண்டு பேரும் கட்டில் மாத்திக்கிட்டோம்!"