மெம்பர் வீட்டுக் கிணறு

“இதில கிண்டட்டா, மெம்பரக்கா?”

அலவாங்கை வாசற் படலைக்கு முன்னால் மணலில் ஊன்றிக்கொண்டு கேட்டார் நகரசபை ஓவசியர் சாமித்தம்பி. கேட்டார் என்றாலும் அது கேள்வியில்லை. கூலியாட்கள் ஏற்கெனவே பொதுக்குழாய்க்குச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டார்கள்.

கேதீஸ்வரி திரும்பி, வளவுக்குள் கிணற்றடியைப் பார்த்தாள்.

அங்கே நாலைந்து பெண்கள் குடங்களோடு நின்று வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். புஸ்பம் தன் மாமியாரைப் போல இடுப்பில் கை வைத்து நடந்து காட்ட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கடல் வந்த வருடத்திலிருந்து அந்த முற்றம் இப்படித்தான்.

ஒழுங்கையிலிருந்த கிணறுகளெல்லாம் உப்பாகிப் போக, மேட்டு வளவில் இருந்த இவள் கிணறு மட்டும் தப்பியது. கரைவலையடிக்கு மீன் வாங்கப் போன புருசனும் மகளும் தப்பவில்லை.

தண்ணீருக்கு வந்த பெண்கள்தான் அவளை உயிரோடு வைத்திருந்தார்கள். விடிந்தால் கப்பி கிறீச்சிடும். யாராவது ஒருத்தி, “அக்கா, கயிறு அறப்போகுது” என்று கூப்பிடுவாள். எழும்பத்தானே வேண்டும்.

பிறகு தேர்தல் வந்தது. அந்தக் கிணற்றில் அள்ளிக் குடிக்காத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. அவளைக் கேட்காமலே நிறுத்தினார்கள், கேட்காமலே வெல்ல வைத்தார்கள்.

சபையில் அவள் கேட்டது ஒன்றுதான். ஒழுங்கை முடிவில் சுனாமி வீடுகள் இருக்கின்றன. மாங்கேணிப் பக்கமிருந்து சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்களும் அங்கேதான் தங்கிவிட்டார்கள். அவ்வளவு பேரும் மணலில் கால் புதையக் குடம் சுமக்கிறார்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைக் குழாயில் அங்கே கொண்டுபோங்கள்.

கூட்டத்துக்குக் கூட்டம் இதையே சொன்னாள். “தங்கச்சி வாயத் திறந்தா தண்ணிதான் வருகுது” என்று ஒருவர் சொல்ல, சபையே சிரித்தது.

சண்டை முடிந்த அடுத்த வருடம் குழாய் கிடைத்தது.

ஆனால் அந்த நாளில் எங்கள் ஊரில் மெம்பர் வீட்டைத் தேட விலாசம் வேண்டியதில்லை. பொதுக்குழாய் எந்தப் படலையில் நிற்கிறதோ, அதுதான் வீடு. பக்கத்துப் பகுதி மெம்பர் உதயரூபன் குழாய்க்குப் பூட்டே போட்டிருந்தார். அள்ளப் போகிறவர்கள் முதலில் அவர் பெண்சாதியின் முழங்கால் வலியை விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திறப்பு வெளியே வரும்.

சாமித்தம்பி குரலைத் தாழ்த்தினார்.

“எஸ்டிமேட்டில ஒழுங்கைத் தொங்கல், சுனாமி வீடு வரைக்கும் பைப் இரிக்கிதான். ஆனா எல்லாரும் செய்றதுதானே, அக்கா. இதோட நிப்பாட்டினா மிச்சப் பைப்ப வாங்க ஆள் இரிக்கி. ஒங்கட வாசல்லயும் எப்பவும் சனம் நிக்கும்.”

வாசலில் எப்பவும் சனம் நிற்கும்.

காசு தருகிறேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இதற்குச் சிரிப்பு வரவில்லை. தனி வீட்டில் கண் விழித்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும், பிள்ளைகளே.

குழாய் இங்கே நின்றால் அவர்களுக்கு நடை குறையாது. அங்கே போனால் நாளைக்குக் கப்பி கிறீச்சிடாது.

கிணற்றடியில் சிரிப்பு அடங்கிவிட்டது. புஸ்பம் நடந்து காட்டி முடித்துக் குடத்தைத் தூக்கக் குனிந்தாள். இடுப்பை அழுத்திப் பிடித்த கையை மட்டும் அவள் இன்னும் எடுக்கவில்லை.

“நிப்பாட்டுங்க தம்பி,” என்றாள் கேதீஸ்வரி. “எஸ்டிமேட்டில எங்க இரிக்கோ அங்க போய்க் கிண்டுங்க. நானும் வாறன். கடைசிப் பைப் மண்ணுக்குள்ள போகுமட்டும் அதிலதான் நிப்பன்.”

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தாள்.

தண்ணீர் வந்த கிழமை முழுக்க ஒழுங்கை முடிவில் கோயில் திருவிழாப் போலக் கூட்டம். மேட்டு வளவில் வெயில் சுவரேறும் வரைக்கும் அவள் பாயில் கிடந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த கிழமை அவளும் ஒரு குடத்தோடு போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

“என்னக்கா, வீட்டில கிணறு இரிக்க இங்க?” என்று கேட்டாள் புஸ்பம்.

“அது உப்பாப் போச்சு, புள்ள.”

முன்னால் நின்ற பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நாங்க எல்லாரும் அள்ளி அள்ளித்தான் அதக் கெடுத்துப் போட்டம்,” என்றாள் புஸ்பம். அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. “முன்னுக்கு வாங்கக்கா. மெம்பர் பின்னால நிண்டா எங்களுக்குத்தான் மரியாத இல்ல.”

“வேணாம். நீங்க எடுங்க. எனக்கென்ன அவசரம்.”

அவள் முறை வரும்போது புஸ்பத்தின் மாமியார் கதை முதலிலிருந்து இன்னொரு தரம் ஓடி முடிந்திருந்தது.

குடத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு மெல்ல வந்தாள். படலைக்கு முன்னால் சுண்ணாம்பு வட்டம், மிதிக்க ஆளில்லாமல், இன்னும் கிடந்தது. அதைச் சுற்றிப் போனாள்.

குடத்தைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்தாள். வாளியை இறக்கி அள்ளினாள். கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தாள்.

என்றைக்கும் போல இளநீராய் இனித்தது.

பிறகு குடத்தை எடுத்து, சத்தம் வராமல், கிணற்றுக்குள் சரித்தாள்.

நாளைக்குப் போக வெறுங்குடம் வேண்டுமே.