பாதி ஹால்

குவைத்தில் பல வருஷம் டிரைவராக இருந்தவன் என்பதால், இராக்கின் பஸ்ராவிலிருந்து வந்திருந்த ஆசிரியர் சங்கத் தலைவி நிதாலின் அரபியைத் தமிழில் சொல்ல என்னை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். தூத்துக்குடியில் ஒரு தொழிற்சங்க ஹால். பின்னால் போர் எதிர்ப்பு பேனர். தன் சங்கச் செயலாளர் காதிமை வகுப்பறையில் வைத்தே சுட்டுக் கொன்றுவிட்டார்கள், அவருக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்க முடியுமா என்று நிதால் கேட்டார். நான் சொல்லி முடித்ததும் முன்வரிசைகள் எழுந்தன.

பின்வரிசையில் மூத்த தோழர் இசக்கியப்பன் உட்கார்ந்தே இருந்தார். அவரைப் பார்த்து அந்தப் பக்கம் மொத்தமும் எழவில்லை.

“சுட்டது யாருன்னு கேளுங்க தோழர். அமெரிக்காக்காரன்னா இப்பவே எந்திரிக்கோம். அவனை எதிர்த்துச் சண்டை போடுதவங்க சுட்டிருந்தா நாங்க எப்படி எந்திரிக்க?”

“செத்தது ஒரு வாத்தியார்வே,” என்றார் தலைமை வகித்த மரியலூயிஸ்.

“ஆக்கிரமிச்சவன் வச்ச அரசாங்கத்துல சம்பளம் வாங்குன வாத்தியார்.”

நின்றவர்களில் சிலர் உட்கார்ந்தார்கள். நிதால் மட்டும் கைகளைக் கோத்துத் தலைகுனிந்து நின்றார். இந்தச் சத்தம்தான் எங்கள் ஊர் அஞ்சலி என்று நினைத்தாரோ என்னவோ.

சுட்டது யார் என்று நிதாலிடம் மெதுவாகக் கேட்டேன்.

“முகத்தை மூடியிருந்தார்கள்,” என்றார். பிறகு ஹாலை ஒருமுறை பார்த்துவிட்டு, எதைச் சொன்னால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்று என்னிடம் கேட்டார்.

மைக் என் வாயருகே இருந்தது.

“என்ன சொல்லுதாங்க?” என்றார் இசக்கியப்பன்.