ஹெட்போன்

டயானா பாத்ரூம் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள்.

இடது காலை அசைக்க முடியவில்லை. விழும்போது விலா, தண்ணீர் டிரம்மின் விளிம்பில் இடித்திருந்தது. மூச்சு பாதி வழியிலேயே நின்றது.

மகனைக் கூப்பிட்டாள். "பிர" என்பதோடு சரி. மிச்சம் வெறும் காற்று.

கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்தாள். பழக்கம். இப்போது கை எட்டவில்லை. போன் கைப்பையில் இருந்தது, கைப்பை சமையலறை மேடையில்.

மந்தைவெளியில் அந்தச் சின்ன ஃப்ளாட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஹாலில் பிரசாத் டிவியில் கேம் ஆடிக்கொண்டிருந்தான். தரமணியில் வேலை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில், சாயங்காலம் லேப்டாப்பை மூடிய கையோடு இதைத் திறந்துவிடுவான்.

அம்மா ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

போகத்தான் கிளம்பினாள். தெருமுனையில் சாக்கடைத் தண்ணீரை மிதித்துவிட்டாள். புடவை ஓரமெல்லாம் நனைந்துபோயிற்று. அப்படியே கோயிலுக்குள் நுழைய மனசு வரவில்லை. திரும்பி வந்து தன் சாவியால் கதவைத் திறந்தாள். டிவி சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளும் டிவி பக்கம் பார்க்காமல் அவன் முதுகுக்குப் பின்னால் வேகமாக நடந்து பாத்ரூமுக்கு வந்துவிட்டாள்.

காலைக் கழுவ மக்கை எடுத்தவள்தான். சோப்புத் தண்ணீர் வழுக்கியது.

மறுபடியும் கத்திப் பார்த்தாள். "ஆ" என்று மெல்லிசாக, இழுத்துக்கொண்டு, நடுவில் உடைந்து வந்தது.

ஹாலிலிருந்தும் அதே மாதிரி ஓர் "ஆ" வந்தது.

அந்த கேமில் ஒரு பெண் இருக்கிறாள். கையில் வாள், உடம்பில் பேருக்கு இரண்டு துண்டுத் துணி. கூடச் சண்டை போடுகிறவனுக்கும் சட்டை கிடையாது, வயிற்றில் கட்டுக்கட்டாகச் சதை. ஆனால் அவன் அடிபட்டால் "ஹக்" என்று விழுந்து செத்துவிடலாம். அவள் அப்படிச் சாக முடியாது. முனக வேண்டும். இழுக்க வேண்டும்.

பிரசாத் கெட்டவன் இல்லை. அம்மா வீட்டில் இருந்தால், அந்தப் பெண் வரும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்துவிடுவான். காதெல்லாம் சிவந்துபோகும்.

இன்றைக்கு அம்மா இல்லை. ஃபுல் சவுண்டு.

டயானா பிளாஸ்டிக் மக்கைக் கதவின் மேல் எறிந்தாள். அதே நேரத்தில் ஹாலில் ஏதோ வெடித்தது.

பிரசாத் யாரிடமோ போனில் பேசிக்கொண்டேதான் ஆடினான். "மச்சி, இவ சாவறத கேக்கறதுக்குன்னே நான் தோத்துக்கினு கீறேன்டா." போன் ஸ்பீக்கரில் ஒருத்தன் சிரித்தான்.

காலிங் பெல் அடித்தது.

டயானாவுக்கு உயிர் வந்தது. பக்கத்து வீட்டு அஃப்சருன்னிசாவின் குரல். அவள் சமையலறை ஜன்னலும் இந்த பாத்ரூம் ஜன்னலும் எதிரெதிரே. நடுவில் ஒரு கை அகலச் சந்து. அங்கே ஒரு கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும்.

கேட்டுவிட்டாள். அதனால்தான் வந்திருக்கிறாள்.

இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"இதோ, இதத்தான் சொல்றேன் தம்பி. என் கிச்சன் ஜன்னல் வரைக்கும் வருதுப்பா. வயசுப் பொண்ண வெச்சுக்கிட்டு நிக்க முடியல."

டிவியில் கேம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிரசாத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது டயானாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"சாரி ஆன்ட்டி. ஹெட்போன் போட்டுக்கறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. டிவியின் சத்தம் நின்றது.

ஒரு நொடி வீடு அப்படியே அமைதியாக இருந்தது. அந்த ஒரு நொடிக்கு அவளிடம் மூச்சு மிச்சமில்லை.

மூச்சு வந்ததும் கத்தினாள். ஹாலில் எந்த அசைவும் இல்லை. சந்துக்கு அந்தப் பக்கம் அஃப்சருன்னிசா சமையலறை ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டயானா ஈரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

போன பிப்ரவரியில், தி.நகர் டப்பிங் ஸ்டுடியோ ஒன்றில், ஏதோ ஒரு கேமுக்காக, இதே மாதிரிதான் மைக் முன்னால் கத்தினாள். இருபது வருஷமாக சீரியல்களில் அழுத தொண்டை. முதல் டேக்கிலேயே சரியாக வந்துவிட்டது என்று நினைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன், பிரசாத் வயசுதான் இருக்கும், தலையை ஆட்டினான்.

"அக்கா, நெஜமாவே வலிக்கிற மாதிரி இருக்கு. ஆடறவன் பயந்துடுவான். வலிய எடுத்துட்டுக் கொஞ்சம் கொஞ்சலா குடுங்க."

மூன்றாவது டேக் ஓகே ஆனது. வீட்டில், குழந்தைகள் கார்ட்டூனுக்குப் பேசினேன் என்று சொல்லிவைத்திருந்தாள்.

டயானா கண்ணை மூடிக்கொண்டு, அந்த முதல் டேக்கில் கத்திய மாதிரி கத்தப் பார்த்தாள்.

மூன்றாவதுதான் வந்தது.

ஹாலில், பிரசாத்தின் இரண்டு காதுக்குள்ளும் அதேதான்.